பணிக்குத் திரும்பும் ஆண்களின் உடல்நலமும் மனநலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காயத்தாலோ நோயாலோ சில வாரங்களோ மாதங்களோ வேலையை விட்டு விலகியிருந்து, சிகிச்சையின் துணையோடு மீண்டும் பணிக்குத் திரும்பத் தயாராகும் ஆண்களுக்காகவும், அவர்களுடைய குடும்பத்தினர், மேற்பார்வையாளர்கள், மறுவாழ்வு ஒருங்கிணைப்பாளர்கள் ஆகியோருக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இவை பொதுவான பதில்கள். ஒருவருடைய உடல்நிலையை நேரில் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு இவை மாற்றாகா.

ஆண்களுக்கென்று தனியே எதற்கு? காயமும் நோயும் எல்லோருக்கும் பொதுதானே?

காயமும் நோயும் பொதுதான். ஆனால் உதவி கேட்கும் விதத்தில் வேறுபாடு இருக்கிறது. உடலைப் பற்றிய கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்லும் ஆண்களில் பலர், தூக்கம், பயம், பணக்கவலை, தாம்பத்தியம் என்று பேச்சு திரும்பியதும் "பரவாயில்லை" என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். சிகிச்சைக் குறிப்பேட்டில் அந்தச் சொல்லே பதிவாகிவிடுகிறது; பணிக்குத் திரும்பிய சில வாரங்களில் எல்லாம் சேர்ந்து வெளிப்படும்போது, திடீரென்று நேர்ந்ததுபோல எல்லோரும் திகைக்கிறார்கள்.

பிசியோதெரபி அறையில் கை எவ்வளவு உயரம் எழுகிறது என்று ஆர்வத்தோடு காட்டும் ஒருவரிடம் "மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "நன்றாகத்தான் இருக்கிறது" என்பார். அதே மனிதரிடம் "நேற்றிரவு நடுவில் விழிப்பு வந்ததா? எத்தனை மணிக்கு? மறுபடி தூங்க முடிந்ததா?" என்று கேட்டால், மூன்று மணிக்கு எழுந்ததையும், விடியும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்ததையும், வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருந்ததையும் தாமே சொல்லத் தொடங்குவார். ஆண்கள் பேச மாட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அவர்கள் பதில் சொல்லக்கூடிய விதத்தில் நாம் கேட்டோமா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் கீழே உள்ள பதில்கள் பலவற்றின் அடிப்படை.

முழுவதும் குணமான பிறகு வேலைக்குப் போவதுதானே பாதுகாப்பு?

பெரும்பாலான தசை, எலும்பு, முதுகுப் பிரச்சினைகளில் அப்படிக் காத்திருப்பது பாதுகாப்பு அல்ல. 1986ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியோடு வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு 2 நாள் படுக்கை ஓய்வும், மற்றொரு பிரிவினருக்கு 7 நாள் ஓய்வும் பரிந்துரைக்கப்பட்டன. குறைவாக ஓய்வெடுக்கச் சொல்லப்பட்டவர்கள் வேலைக்கு வராத நாட்களும் குறைவாக இருந்தன. அதனால் அவர்களுடைய உடல்நிலை மோசமாகவும் இல்லை. அதன் பின்னர், இயன்றவரை நடமாட்டத்தோடு இருக்கும்படி சொல்வதே சாதாரண முதுகுவலிக்கான பொது நடைமுறையாகிவிட்டது. நீண்ட ஓய்வில் தசை மெலிகிறது, மூச்சுத்திறன் குறைகிறது, பகலும் இரவும் குழம்புகின்றன. இவற்றோடு, "என் உடம்பு இனித் தாங்காது" என்ற நம்பிக்கையும் வலுப்பெறுகிறது. அதைக் கலைப்பது தசையை மீட்பதைவிடக் கடினம்.

வாடெல், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில், அதுவரை கிடைத்திருந்த சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேலை பொதுவாக உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் நன்மை தருகிறது என்றும், நீண்டகாலம் வேலையின்றி இருப்பது தீங்கு செய்கிறது என்றும் கண்டார்கள். அந்த வேலை பாதுகாப்பானதாகவும் அந்த மனிதருக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். அந்த நிபந்தனையை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டி ஆளை அவசரப்படுத்தும் நிறுவனங்கள் உண்டு, அது சரியல்ல.

படிப்படியாகத் திரும்புவது என்றால் நடைமுறையில் என்ன?

சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை செய்த ஒருவர், முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரு வாரங்கள் அரை நாள் மட்டும், சரக்குக் கணக்கைச் சரிபார்க்கும் வேலை; நினைத்தபோது எழுந்து நடக்கலாம். அடுத்து அதே வேலை, நேரம் மட்டும் கூடுகிறது. நேரம் முழுமையான பிறகுதான் எடை குறைந்த பெட்டிகளைக் கையாளும் வேலை சேர்கிறது. நேரத்தையும் பளுவையும் ஒரே வாரத்தில் கூட்டுவதில்லை. கூட்டினால், வலி வந்தபோது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் மறுபரிசீலனை நாளை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்று விடப்பட்ட திட்டம், பரபரப்பான வாரம் ஒன்று வந்ததும் காணாமல் போய்விடும். எவ்வளவு எடை, எத்தனை மணி நேரம் என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரும், அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் அந்தந்த ஆளுக்கேற்பத் தீர்மானிக்க வேண்டும்.

ஆண்களிடம் அடிக்கடி காணப்படும் ஒரு போக்கை இங்கே சொல்லியாக வேண்டும். நன்றாக இருக்கும் நாளில் மூன்று நாள் வேலையை ஒரே நாளில் முடித்துக் காட்டிவிட்டு, அடுத்த மூன்று நாளும் எழ முடியாமல் கிடப்பது. "நான் சோம்பேறி இல்லை" என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கிறது. ஆகவே "முடிந்தவரை செய்யுங்கள்" என்ற அறிவுரை இவர்களுக்கு உதவாது. "நன்றாக இருந்தாலும் இதற்கு மேல் செய்யக் கூடாது" என்ற உச்சவரம்பும், மோசமான நாளிலும் செய்யக்கூடிய குறைந்தபட்ச அளவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வேலை செய்யும்போது வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா?

பழகாத உழைப்பால் வரும் வலி, ஓரிரு நாளில் அடங்கினால் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை. வலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனாலும், அதனால் இரவுத் தூக்கம் தொடர்ந்து கெட்டாலும் கட்டத்தை ஒரு படி குறைத்து மருத்துவரிடம் பேசுங்கள். முதுகுப் பிரச்சினை உள்ளவருக்குக் கால் வலுவிழப்பது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நெஞ்சுவலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் அப்படியே. ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

விடுப்பில் இருப்பவரை மேற்பார்வையாளர் தொடர்புகொள்வது தொந்தரவாகாதா?

தொடர்புகொள்ளாமல் இருப்பதே அதிகம் காயப்படுத்துகிறது. டொராண்டோவில் உள்ள வேலை மற்றும் உடல்நலத்துக்கான ஆய்வு நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட, பணிக்குத் திரும்புதலுக்கான ஏழு கோட்பாடுகளில், காயமுற்ற பணியாளரை நிர்வாகம் விரைவாகவும் அக்கறையோடும் தொடர்புகொள்ள வேண்டும் என்பதும் ஒன்று. இருபது வருடம் உழைத்த இடத்திலிருந்து ஒரு மாதமாக ஒருவரும் பேசவில்லை என்றால், தன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார் என்றே அந்த மனிதர் நினைப்பார்.

பேசும் விதம்தான் முக்கியம். "எப்போது வருவீர்கள்?" என்பது முதல் கேள்வியாக வந்தால், நலம் விசாரிப்பு வெறும் கணக்கெடுப்பாகிவிடும். "உங்கள் இடம் உங்களுக்காகவே இருக்கிறது, வருவதைப் பற்றி மருத்துவர் சொன்ன பிறகு பேசலாம், இப்போதைக்கு எங்களால் ஆக வேண்டியது ஏதாவது உண்டா?" என்று தொடங்கலாம். நோயின் விவரங்களைத் துருவ வேண்டாம். அடுத்து எப்போது அழைப்பீர்கள் என்று சொல்லிவிட்டு, சொன்ன நாளில் அழையுங்கள். இதை மனிதவளத் துறையின் கடிதம் செய்ய முடியாது. அவரோடு தினமும் பேசிப் பழகியவர்தான் செய்ய வேண்டும்.

என் கணவர் சோர்ந்து கிடக்கவில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். இதுவும் மனச்சோர்வாக இருக்குமா?

இருக்கலாம். மனச்சோர்வு என்றால் அழுகையும் துயரமும்தான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆண்கள் பலரிடம் அது எரிச்சலாகவும், பிள்ளைகளின் சத்தத்தைத் தாங்க முடியாத நிலையாகவும், வேகமாக வண்டி ஓட்டுவதாகவும், குடி அதிகமாவதாகவும், காரணம் தெரியாத தலைவலி, வயிற்று வலியாகவும் வெளிப்படுகிறது. நண்பர்களின் அழைப்பை எடுக்காமல் விடுவது, பிடித்த விளையாட்டைக்கூடப் பார்க்காமல் இருப்பது, குளிப்பதையும் சவரம் செய்வதையும் தள்ளிப்போடுவது ஆகியவற்றையும் கவனியுங்கள். கோபம் வீட்டில் உள்ளவர்களை அச்சுறுத்தும் அளவுக்குப் போனால், அதை நோயின் பெயரால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் பாதுகாப்பையும் பிள்ளைகளின் பாதுகாப்பையும் முதலில் பாருங்கள்.

மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பிஎச்கியூ-9 என்ற வினாத்தாள் இதற்கு உதவும். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 9 கேள்விகள். மொத்த மதிப்பெண் 0 முதல் 27 வரை. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவான பரிசோதனை தேவை. உணர்ச்சியை விவரிக்கச் சொன்னால் தடுமாறும் ஆண்கள்கூட, "எத்தனை நாட்கள்?" என்று கேட்கும் இந்தத் தாளை இயல்பாக நிரப்பிவிடுவதுண்டு. மதிப்பெண்ணை மட்டும் வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. அது பேச்சைத் தொடங்குவதற்கான வழி.

மனநலப் பிரச்சினையால் விடுப்பில் இருப்பவர்களுக்கு, மருத்துவ சிகிச்சையோடு வேலை சார்ந்த உதவியையும் இணைத்துத் தருவதை உலக சுகாதார நிறுவனம் தனது 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் பரிந்துரைத்தது. மாத்திரையும் ஆலோசனையும் ஒரு பக்கம் நடக்க, எந்த வேலைக்கு, யாரிடம், எத்தனை மணிக்குத் திரும்புவது என்ற கேள்வி யாராலும் தொடப்படாமல் கிடந்தால், கவலையின் வேர் அப்படியே இருக்கும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாமா?

கேட்க வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 7,20,000க்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறந்தார்கள். ஆண்களிடையே அதன் விகிதம் பெண்களின் விகிதத்தைப்போல இரு மடங்குக்கும் அதிகம். தீராத வலி, வருமான இழப்பு, "குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன்" என்ற எண்ணம் ஆகிய மூன்றும் மறுவாழ்வுக் காலத்தில் ஒரே நேரத்தில் கூடி வரக்கூடியவை.

"சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா?" என்று அமைதியாக, சுற்றி வளைக்காமல் கேளுங்கள். ஆம் என்றால், வாதாடாமல், குற்ற உணர்வு ஏற்படுத்தாமல், முழுவதையும் கேளுங்கள். திட்டம் ஏதாவது வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். மிச்சமுள்ள மாத்திரைகள், பூச்சிக்கொல்லி போன்றவற்றை அவர் கைக்கு எட்டாதபடி அகற்றிவிட்டு, உடனே அவசர மருத்துவ உதவியையோ உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ நாடுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வலி நிவாரணி மாத்திரையோடு கொஞ்சம் குடித்தால் என்ன?

மருந்தைப் பொறுத்து, உயிருக்கே ஆபத்து. மார்ஃபின், டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகளும் மதுவும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி நின்றுபோகக்கூடும். தூக்க மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். பாராசிட்டமாலை வளர்ந்தவர்கள் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது. தொடர்ந்து மது அருந்துபவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு இன்னும் எளிதில் வரும் என்பதால் மருத்துவர் அளவைக் குறைத்துச் சொல்லலாம். சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் வாங்கும் மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஓபியாய்டு மருந்துகளை நீண்ட நாள் எடுத்தால் பழக்கமாகிவிடும். மலச்சிக்கல் வரும், பகலில் மந்தம் வரும், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையும். எந்திரம் இயக்குபவரும் வாகனம் ஓட்டுபவரும் எந்த மருந்தை எடுக்கிறார்கள் என்பதை, பணிக்குத் திரும்பும் நாளைக் குறிப்பதற்கு முன்பே மருத்துவரோடு பேசியாக வேண்டும். தாமாகவே திடீரென்று நிறுத்துவதும் கூடாது. குடியைப் பற்றிக் கேட்பவர், "குடிக்கிறீர்களா?" என்று கேட்காமல் "விபத்துக்கு முன்பு வாரத்தில் எத்தனை நாள், இப்போது எத்தனை நாள்?" என்று கேட்டால் உண்மையான பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தாம்பத்தியத்தில் ஏற்பட்ட மாற்றத்தை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

"இந்தக் காயத்துக்குப் பிறகு, அல்லது இந்த மருந்துக்குப் பிறகு, விறைப்பில் மாற்றம் தெரிகிறது" என்ற ஒரே வாக்கியம் போதும். மற்றதை மருத்துவர் கேட்டுக்கொள்வார். முதுகுத்தண்டுக் காயம், நீரிழிவு, தொடர் வலி, மனச்சோர்வு, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகிய எதுவும் இதற்குக் காரணமாகலாம். மருந்துதான் காரணம் என்றால் பெரும்பாலும் அளவையோ மருந்தையோ மாற்ற முடியும். சொல்ல வெட்கப்பட்டு மருந்தையே நிறுத்திவிடும் ஆண்கள் இருக்கிறார்கள்; பிறகு மனச்சோர்வு திரும்பிவந்து, பணிக்குத் திரும்பும் முயற்சியும் குலைந்துபோகிறது.

விறைப்புக் குறைபாடு இதயநோயின் முன்னறிகுறியாகவும் இருக்கக்கூடும். மாரடைப்புக்குப் பின் திரும்புபவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும்: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர் சில்டெனாஃபில் போன்ற விறைப்புக்கான மாத்திரைகளை எடுக்கக் கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். நண்பர் கொடுத்தார், இணையத்தில் வாங்கினேன் என்று எடுத்துக்கொள்வதில் உயிரே போகலாம்.

சம்பாதிக்க முடியாமல் வீட்டில் இருப்பது அவமானமாக இருக்கிறது. இதற்கு என்ன சிகிச்சை?

இதை யாரும் சின்ன விஷயமாகத் தள்ளிவிட வேண்டாம். "எல்லாம் சரியாகிவிடும்" என்ற ஆறுதல் உதவாது, கணக்கு உதவும். எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, காப்பீடு எவ்வளவு தரும், எந்தத் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், எந்தத் தேதிவரை சமாளிக்க முடியும் என்று மனைவியோடும் சமூகப் பணியாளரோடும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மனதுக்குள் சுழலும் கடன், தாளில் இருக்கும் கடனைவிடப் பெரும்பாலும் பெரிதாகத் தெரிகிறது. மனைவியிடம் மறைத்துக் கடன் வாங்கிச் சமாளிப்பவர்கள், பணக்கவலையோடு ரகசியத்தின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

குடும்பத்தினர் அன்பின் மிகுதியால் அவரிடமிருந்து எல்லாப் பொறுப்பையும் பறித்துவிடுவதும் நடக்கிறது. உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது என்று ஏதாவது ஒன்று முழுக்க அவர் கையில் இருக்கட்டும். வேலை நாட்களைப்போலக் குறித்த நேரத்தில் எழுந்து, குளித்து, உடை மாற்றிக்கொள்வது அற்பமாகத் தோன்றலாம்; ஆனால் திரும்பும் நாள் வரும்போது உடலுக்கு அந்த ஒழுங்கு ஏற்கெனவே பழகியிருக்கும்.

விபத்து நடந்த அதே இடத்துக்குப் போக நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது.

இது கோழைத்தனம் அல்ல. அந்தச் சத்தம், அந்த எண்ணெய் வாசனை, அந்த எந்திரத்தின் அதிர்வு ஆகியவற்றை உடல் ஆபத்தோடு முடிச்சுப்போட்டு வைத்திருக்கிறது. முதல் பணிநாளுக்கு முன்பே, நம்பிக்கையான சக பணியாளர் ஒருவரோடு வேலையற்ற நேரத்தில் போய்வருவது, பிறகு எந்திரம் ஓடும்போது தூரத்தில் நின்று பார்ப்பது என்று சிறு சிறு அளவில் நெருங்கலாம். விபத்துக்குக் காரணமான குறை சரிசெய்யப்பட்டதை அவர் கண்ணால் பார்ப்பது அவசியம். சரிசெய்யாத இடத்தில் பயம் நியாயமானது, அதற்குச் சிகிச்சை தேவையில்லை, பழுதுபார்ப்புத்தான் தேவை. கெட்ட கனவு, திடுக்கிடல், அந்தக் காட்சி மீண்டும் மீண்டும் தோன்றுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல நிபுணரிடம் செல்லுங்கள். இதற்கென்றே பயன் தரும் உளவியல் சிகிச்சைகள் உள்ளன.

சக பணியாளர்களிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்?

நீங்கள் விரும்பும் அளவு மட்டும். மேற்பார்வையாளருக்குத் தெரிய வேண்டியது, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எதுவரை என்பதுதான். நோயின் பெயர் அவருக்குத் தேவையில்லை. "சிகிச்சையில் இருந்தேன், சில வாரங்களுக்குப் பளு தூக்கக் கூடாது" என்ற ஒரு வாக்கியத்தை முன்பே தயார் செய்துகொண்டால் முதல் நாளின் சங்கடம் குறையும்.

இலகுவான வேலை என்பது உண்மையான வேலையாக இருக்க வேண்டும். மூலையில் ஒரு நாற்காலி போட்டு நாள் முழுவதும் சும்மா உட்கார வைப்பது மறுவாழ்வு அல்ல. அவருடைய பளுவை யார் சுமக்கப் போகிறார் என்பதையும் மேற்பார்வையாளர் வெளிப்படையாக ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கேலியும் முணுமுணுப்பும் அந்த மனிதரையே தாக்கும்.

வேலையைச் சற்று மாற்றித் தரும்படி கேட்பது சலுகை கேட்பதாகாதா?

ஆகாது. 2006ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, பணியிடத்தில் நியாயமான மாற்றங்களைச் செய்து தருவதையும், வேலையைத் தக்கவைக்கவும் பணிக்குத் திரும்பவும் உதவும் திட்டங்களை வளர்ப்பதையும் அரசுகளின் கடமையாக்குகிறது. நடைமுறை விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் தொழிற்சங்கமோ தொழிலாளர் துறையோ விளக்கும்.

பழைய வேலைக்குத் திரும்பவே முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால்?

அந்தச் செய்தியை ஒரு படிவத்தின் வழியாக அல்லாமல், நேரில், நேரம் ஒதுக்கிச் சொல்ல வேண்டும். அன்றே மாற்றுத் தொழில் பட்டியலை நீட்டவும் வேண்டாம். இழப்பை உள்வாங்கச் சில நாட்கள் தேவை. பிறகு, அவர் பார்த்த பதவியின் பெயரை ஒதுக்கிவிட்டு, அவருக்குத் தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். எந்திரம் இயக்கியவருக்கு அதன் சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியும், புதியவருக்குக் கற்றுத்தரத் தெரியும், பொருள் எவ்வளவு வீணாகிறது என்று கணிக்கத் தெரியும். பயிற்சியாளர், தரச் சோதனையாளர், பாதுகாப்பு மேற்பார்வையாளர் போன்ற வேலைகள் அந்தத் திறன்களின் மேல்தான் நிற்கின்றன. முதலில் அதே நிறுவனத்தில் வேறு வேலை, பிறகு வேறு நிறுவனத்தில் அதே துறை, அதன் பின்னர்தான் புதிய தொழிற்பயிற்சி என்ற வரிசையில் பார்ப்பது பொதுவாக எளிது. இந்த முடிவுகளை அவர் சார்பில் மற்றவர்கள் எடுத்துவிடக் கூடாது. அடுத்த கூட்டத்துக்கான நாளையும், அதில் யார் உட்கார வேண்டும் என்பதையும் அவரே குறிக்கட்டும்.